சாக்பீஸ் பூசிய ஸ்விங் ஆர்ம்

நவம்பர் 8, சனி

மழை விட்ட நேரம் பார்த்து, சித்தப்பாவின் ஆர்எக்ஸ் 100-ஐ சென்டர் ஸ்டாண்டில் ஏற்றினேன். செயின் லாக்கைத் தள்ளிச் செயினை உருவியாயிற்று. வலப்பக்கம் பிரேக் தட்டைப் பிடித்திருக்கும் கம்பி, பின்சக்கரம், இரண்டு ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டுகள் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன. ஸ்விங் ஆர்மின் பிவட் போல்ட் மட்டும் அசையவில்லை. அதற்கும் புஷ்ஷின் உள்குழாய்க்கும் நடுவே தண்ணீர் இறங்கித் துருப்பிடித்திருக்கிறது. டீசல் ஊற்றி ஊறவிட்டிருக்கிறேன்.

1985 முதல் 1996 வரை இங்கே வந்த வண்டி. 98 சிசி இன்ஜினைப் பற்றியும் சைலன்சர் சத்தத்தைப் பற்றியும் பேச ஊரெல்லாம் ஆள் உண்டு. பின்சக்கரத்தைச் சுமந்து ஏறி இறங்கும் ஸ்விங் ஆர்ம் என்ற இந்த இரும்புக் குழாயைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

நட்டைப் போல்ட்டின் நுனியோடு நுனியாகத் திருகி வைத்து, பித்தளைத் துண்டைக் கொடுத்துத் தட்டினேன். சுத்தியல் நேரே பட்டால் மரை நசுங்கிவிடும், பிறகு போல்ட்டை அறுக்கத்தான் வேண்டும். முனகிக்கொண்டே வெளியே வந்தது.

பெயின்ட் ரிமூவர் போட்டதும் மேலே யாரோ அடித்த சில்வர் தோலாக உரிந்தது. அடியில் பழைய கறுப்பு. பிவட் பக்கத்தில் செயின் ரப்பர் தேய்ந்துபோய், தொய்ந்த செயின் இரும்பையே ராவியிருக்கிறது.

வெல்டிங் ஓரங்களைத்தான் பார்க்க வேண்டும். மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் விட்டு, சுத்தமாகத் துடைத்து, ஸ்பிரிட்டில் கரைத்த சாக்பீஸ் தூளைப் பூசினேன். ரயில்வே பணிமனைகளில் ஒருகாலத்தில் அச்சுகளை இப்படித்தான் சோதித்தார்கள். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் கசிந்து வெள்ளையை நனைத்துக் காட்டிக்கொடுக்கும். இடப்பக்க ஷாக் அப்சார்பர் மாட்டும் காதின் அடியில், மயிரிழைபோல ஒரு ஈரக்கோடு. சில்வருக்கு அடியில் எத்தனை காலமாக இருந்ததோ.

நவம்பர் 12, புதன்

பெயின்டர் அண்ணன் பவுடர் கோட்டிங்தான் என்று ஒரே பிடி. “அடிச்சிட்டா பத்து வருஷத்துக்குப் பாக்கவே வேணாம் தம்பி.”

“பாக்காம இருக்கிறதுதாண்ணே பயமா இருக்கு.”

மின்னேற்றிய தூளைத் தெளித்து, 200 டிகிரி அடுப்பில் உருக்கிப் படியவைப்பது நல்ல வேலைதான். கேட், கிரில்லுக்கு அதை மிஞ்ச முடியாது. ஆனால் செயினும் கல்லும் மோதுகிற இடத்தில் ஒரு சில்லு பெயர்ந்தால் போதும், உள்ளே புகுந்த தண்ணீர் அந்தத் தடித்த தோலுக்கு அடியிலேயே துருவைப் பரப்பும். மேலே பளபளப்பு அப்படியே இருக்கும். சாதா எனாமல் அப்படி ஏமாற்றாது. பெயர்ந்த இடத்தை வீட்டிலேயே தேய்த்துத் தொட்டுக்கொள்ளலாம். அண்ணன் சிரித்துவிட்டு டீ சொன்னார்.

நவம்பர் 15, சனி

விரிசலின் இரு முனையிலும் சிறு துளையிட்டு, பள்ளம் பறித்து, வெல்டிங் வைத்து வந்திருக்கிறது. சூட்டில் ஸ்விங் ஆர்ம் முறுக்கிக்கொண்டிருக்கலாம் என்று பிவட் போல்ட்டையும் பின் ஆக்சிலையும் செருகி அளந்தேன். இரு பக்கமும் ஒரே தூரம். உடனே ரெட் ஆக்சைடு அடித்தேன். கடற்காற்றில் வெற்றிரும்பை ஓர் இரவு விட்டால் காலையில் செம்மை பூத்திருக்கும்.

கறுப்பு அடிக்க வெயில் வேண்டும். வங்கக் கடலில் இன்னொரு தாழ்வு நிலையாம். அதற்குள் ஜி.பி. ரோடு போய்ப் புது புஷ்ஷும் செயின் ரப்பரும் வாங்க வேண்டும். வண்டி எப்போது என்று சித்தப்பா போனில் கேட்டார். பொங்கலுக்கு என்றேன். எந்தப் பொங்கல் என்று அவர் கேட்கவில்லை.