தேரியனும் நைட்விஷும்: பழைய பாட்டு, புதிய உடம்பு

மெட்டலும் செவ்வியல் இசையும் கலந்த சிம்பொனிக் மெட்டலில் சேர்ந்திசைக் குழு வெறும் அலங்காரம் அல்ல. அதைத் தெளிவாக உணர்த்திய இசைக்குழு ஸ்வீடனின் தேரியன். 1980களின் கடைசியில் டெத் மெட்டலாகத் தொடங்கிய இக்குழு, 1996இல் வந்த 'தெலி' ஆல்பத்தில் திசை மாறியது. தனிப் பாடகருக்குரிய இடத்தைப் பெருமளவு சேர்ந்திசை எடுத்துக்கொண்டது. பாடலைச் சுமப்பதே அந்தக் கூட்டுக்குரல்தான்.

இந்த வகை இசையில் பிறர் பாடல்களை எடுத்துப் பாடுவது பெரிய சோதனை. மூலப் பாட்டின் மெட்டு சிதையாமல் உடம்பு மட்டும் மாற வேண்டும். ஃபின்லாந்தின் நைட்விஷ் 2002இல் 'செஞ்சுரி சைல்ட்' ஆல்பத்தில் 'தி ஃபாண்டம் ஆஃப் தி ஓபரா'வை எடுத்துக்கொண்டது. ஆண்ட்ரூ லாயிட் வெப்பரின் மேடைப் பாடல் அது. அரை அரைச் சுரமாக இறங்கும் அந்த ஆர்கன் வரி, கனத்த கிதாருக்கென்றே எழுதியதுபோல் பொருந்திவிட்டது. குழுவின் பாடகர்கள் தார்யா துருனெனின் ஓபராக் குரலும் மார்கோ ஹியெதலாவின் கரகரப்பும் மோதும் இடம் உடம்பைச் சிலிர்க்க வைக்கும்.

இன்னும் துணிச்சலானது தேரியனின் 2012 ஆல்பம் 'லே ஃப்ளூர் தியு மால்'. முழுக்கப் பழைய பிரெஞ்சுப் பாடல்கள். குழுவின் தலைவர் கிறிஸ்டோஃபர் யான்சன் சொந்தப் பணத்தில் வெளியிட்டார். 1965இல் யூரோவிஷன் போட்டியில் வென்ற, செர்ஜ் கெயின்ஸ்பூர் எழுதிய 'பூப்பே த சீர், பூப்பே த சோன்' அதில் உண்டு. பாடகி ஃபிரான்ஸ் கால் அன்று துள்ளலாகப் பாடியது, இங்கே ஓபராக் குரலும் கிதாருமாக நிமிர்ந்து நிற்கிறது. முதலில் மூலத்தைக் கேளுங்கள். உடனே இதையும் கேட்டுவிடுங்கள்.