லெய்டன் நகரில் ஒரு பிறந்தநாள்

எமது வேலணைத் தீவுக்கு ஒல்லாந்தர் தம் ஆட்சிக்காலத்தில் இட்ட பெயர் லெய்டன். அத்தீவிற் பிறந்த நாம், பரிமாற்ற மாணவராக நெதர்லாந்தின் லெய்டன் நகரிலேயே ஓராண்டு தங்க நேர்ந்தது விந்தையே!

ஒக்டோபர் 3 ஆம் நாள் நகரம் விழாக்கோலம் பூண்டது. 1574 இல் ஸ்பானியரின் முற்றுகை நீங்கிய நாள் அது. பசியால் வாடிய முன்னோரை நினைந்து ஹெரிங் மீனும் வெள்ளை ரொட்டியும் உண்கின்றனர். டிசம்பர் 5 ஆம் நாள் மாலை சின்டர்கிளாஸ் பெருநாள். பரிசுகளுடன் கேலிப் பாக்களையும் வாசித்து மகிழ்ந்தனர். நாமும் சிரித்தோம், ஆயினும் விருந்தினராகவே இருந்தோம்.

ஜனவரியில் எமது பிறந்தநாள் வந்தது. ஊரிலாயின் அம்மா கோயிலில் அர்ச்சனை செய்வித்திருப்பார். அந்நினைவோடு கூடத்திற்கு வந்தோம். வட்டமாக இட்ட நாற்காலிகள், கோப்பி, ஆளுக்கொரு துண்டு கேக். வந்தோர் எமது கையைக் குலுக்கியபின், வீட்டு அம்மையாரின் கையையும் குலுக்கி, "உங்கள் மகனின் பிறந்தநாளுக்கு வாழ்த்துகள்" என்றனர். உற்றாரையும் வாழ்த்துதல் அந்நாட்டு வழக்கம். அம்மையார் அச்சொல்லைத் திருத்தவில்லை, "நன்றி" என்றார்.

அன்றிரவு தொலைபேசியில் அம்மாவிடம் இதனைக் கூறினோம். சற்றே மௌனம். பின்னர், "அந்த அம்மாவுக்கு என்னுடைய வாழ்த்தையும் சொல்லு, தம்பி" என்றார்.