நாளை என்னும் மயக்கம்

சென்ற ஓண விடுமுறையை மட்டாஞ்சேரியில், பெரியப்பா வீட்டில் கழித்தேன். கையில் ஒரு நாடக நூல். யூஜீன் ஓநீல் எழுதி, 1946-இல் நியூயார்க்கில் அரங்கேறிய ‘தி ஐஸ்மேன் கமெத்’.

கதை 1912-இல் ஒரு மதுக்கடையில் நிகழ்கிறது. அங்கே கிடக்கும் குடியர் ஒவ்வொருவருக்கும் ஒரு ‘நாளை’ உண்டு. நாளை வேலை தேடுவேன். நாளை குடியை விடுவேன். கடைக்காரர் ஹாரி ஹோப்போ, மனைவி இறந்தபின் இருபது ஆண்டுகளாகத் தெருவில் கால் வைக்காதவர். ஹிக்கி என்னும் விற்பனையாளன் வந்து, பொய்க் கனவை விட்டால் நிம்மதி என்று அவர்களை வெளியே விரட்டுகிறான். போனவர் அனைவரும் திரும்பிவிடுகின்றனர். பிறகு குடித்தாலும் மயக்கம் ஏறவில்லை! முடிவில், அவன் தன் மனைவியைக் கொன்றவன் என்பது அவன் வாயாலேயே வெளிவருகிறது. அவனைப் பைத்தியம் என்று தள்ளிவிட்டுப் பெரும்பாலோர் பழைய கனவுக்குள் புகுந்துகொள்கின்றனர்.

நண்பர்களே, படித்தவன் சும்மா இருந்தேனா? பெரியப்பாவும் ‘அடுத்த மாசம் விட்டுடுவேன்’ என்பவர்தாம். எத்தனை ஆண்டாக அதைச் சொல்கிறார் என்று பெரியம்மா முன்னிலையில் எண்ணிக் காட்டினேன். அன்றிரவு அவர் உண்ணவில்லை.

மறுநாள் என்னைப் படகேற்றி வைப்பினுக்கு அழைத்துச் சென்றார்.

“எண்பத்திரண்டு ஓணம். என்கூட மூட்டை தூக்கினவன் இங்கதான் குடிச்சான். ‘இன்னைக்கு ஓணம், நாளையிலேர்ந்து விட்டுடறேன்’னான்.”

உரிமம் பெற்ற சாராயக் கடைகளில் விற்ற சரக்கில் மெத்தில் ஆல்கஹால் கலந்திருந்தது. அது உடனே கொல்வதில்லை. உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தின்னப் பல மணி நேரம் ஆகும். பலருக்கு மறுநாள்தான் பார்வை மங்கும். (முறிமருந்துகளில் ஒன்று நல்ல சாராயமே என்பது மருத்துவத்தின் விந்தை.) அந்த ஓணத்தில் மாண்டவர் 70 பேருக்குக் குறையார். இருபதுக்கு மேற்பட்டோர் பார்வையை நிரந்தரமாக இழந்தனர்.

“அவரும் இறந்துவிட்டாரா?” என்றேன்.

“இல்ல. கண்ணு போச்சு. நான்தான் கையைப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அன்னைக்கு ராத்திரிதான் நான் ரொம்பக் குடிச்சேன்.”

எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. திரும்பும் படகில் அவரே பேசினார்.

“இந்த ஓணம் முடியட்டும் தம்பி.”

“சரிங்க பெரியப்பா” என்றேன். இம்முறை எண்ணவில்லை.