கொம்பும் தந்தமும்

எண்ணூர்க் கழிமுகத்துக்கு வடக்கே, கடலுக்கும் கழிக்கும் இடையே நீண்டு கிடக்கும் நிலத்தில் உள்ளது காட்டுப்பள்ளி. அங்குள்ள துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகள் குன்றுபோல் அடுக்கப்பட்டிருப்பதைக் காணுந்தோறும் என் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழும். ‘எலும்புப் பொம்மை’ என்று சீட்டில் எழுதி, உள்ளே யானைத் தந்தத்தை வைத்து அனுப்பினால், அதனைச் சுங்க அதிகாரி அறிவது எங்ஙனம்?

நம் மொழி இப்பொருள்களை ஓரினமாகவே பேசுகிறது. பசுவின் தலையில் இருப்பதும் கொம்பு; மானின் தலையில் இருப்பதும் கொம்பு. பழந்தமிழில் ‘மருப்பு’ என்னும் சொல் விலங்கின் கொம்பையும் யானையின் தந்தத்தையும் ஒருங்கே குறித்தது. ஆயினும் இயற்கை அவற்றை வெவ்வேறாகவே அமைத்திருக்கிறது.

இவ்வேற்றுமையைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சென்னைக் கிண்டிக் காட்டில் புள்ளிமானும் வெளிமானும் வாழ்கின்றன. ஆண் புள்ளிமானின் கிளைத்த கொம்பு முழுதும் எலும்பே; அதன் உள்ளீடு கடற்பஞ்சுபோல் நுண்துளைகள் நிறைந்தது. அக்கொம்பு உதிர்ந்து மீண்டும் முளைக்கும். வெளிமானின் முறுக்குண்ட கொம்போ கிளைப்பதுமில்லை, உதிர்வதுமில்லை. மாட்டுக்கொம்பைப் போலவே அதற்கு உள்ளே எலும்பும் மேலே உறையும் உண்டு. அவ்வுறை நம் நகத்தை ஒத்த பொருள். வெப்பத்தில் இளகி வளையும் மாட்டுக்கொம்பில் சீப்பும் பிறவும் செய்தனர்.

எலும்பையும் தந்தத்தையும் பிரித்தறிவதே அரிது. மெருகிட்டபின் இரண்டும் வெண்மையாய், வழவழப்பாய்த் தோன்றும். பூதக்கண்ணாடி கொண்டு நோக்கினால் எலும்பில் சிறு புள்ளிகளும் கீற்றுகளும் தெரியும். அவை குருதி ஓடிய நுண்குழாய்களின் தடங்கள். தந்தம் பல்லினம், அதில் அத்தடங்கள் இல்லை. யானைத் தந்தத்தைக் குறுக்கே அறுத்த முகத்தில் வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டி வலைபோல் அமைந்திருக்கும். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்ப்பாரும் உளர். அது பொருளைக் கெடுக்கும். கண்ணால் அறியக்கூடியதைத் தீயால் சோதிப்பானேன்?

கீழடி அகழாய்வில் தந்தச் சீப்பும் பகடையும் கிடைத்தன. எலும்பு முனைகளும் கிடைத்தன. அம்முனைகள் நெசவுக்கு உதவியவை எனக் கருதுவர். பொருளைப் பிரித்தறிந்ததாலன்றோ முன்னோரின் செல்வத்தையும் உழைப்பையும் நாம் தனித்தனியே காண்கிறோம்?

இவ்வறிவில் ஓர் உயிரின் நலமும் அடங்கியுள்ளது. கொம்பை உதிர்த்த மான் காட்டில் உலவும். தந்தத்தின் அடிப்பகுதியோ மண்டையோட்டினுள் ஆழப் புதைந்திருக்கிறது. அதனை முழுதும் கவர விரும்பும் வேட்டைக்காரன் யானையைக் கொன்றே கவர்கிறான். ஆகவேதான் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1986-இல் திருத்தப்பட்டு இந்திய யானைத் தந்த வாணிகத்தையும், 1991-இல் மீண்டும் திருத்தப்பட்டு ஆப்பிரிக்கத் தந்த வாணிகத்தையும் தடை செய்தது.

சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. பொய்ப்பெயர் கண்டு மயங்காத கண்ணும் வேண்டும். கைக்கு வந்த வெண்ணிறப் பொருளை அழகியது என்று புகழுமுன், இஃது எவ்வுயிரின் உறுப்பு என்று வினவக் கற்போமாக.