வயசான பூனையா... கட்டைவிரலைப் பாருங்க!

எங்கள் கும்மிடிப்பூண்டி வீட்டுப் பூனை மீனாட்சிக்கு 13 வயது. அப்பா சிப்காட் ஷிப்ட் முடித்து வந்தால் வாசலுக்கு ஓடுபவள், திடீரென நொண்டினாள். "வயசாயிடுச்சுடா" என்றார் அம்மா. பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். முன்னங்கால் கட்டைவிரல் நகம் வளைந்து, சதையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மூட்டு வலி வந்தால் பூனைகள் பிறாண்டுவதைக் குறைத்துவிடும். பழைய உறை உதிராமல் நகம் தடித்து வளையும். தரையில் படாத கட்டைவிரல் நகம் தேய வழியே இல்லை.

இப்போது 2 வாரத்துக்கு ஒருமுறை நுனியை மட்டும் வெட்டுகிறேன். உள்ளே தெரியும் இளஞ்சிவப்புப் பகுதியில் ரத்தக்குழாயும் நரம்பும் இருக்கின்றன. அதைத் தொடக் கூடாது. நகம் சதைக்குள் புகுந்துவிட்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம், கால்நடை மருத்துவர்தான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு மின்சார ரயிலில் சென்ட்ரல் இறங்கினால், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான்.