குறை சொல்லி விற்றவர்

ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை என்றால் ஆட்டுச் சந்தை. ஜவ்வாது மலையடிவாரத்து ஊர்களிலிருந்து விடியுமுன்பே ஆடுகள் வந்து இறங்கிவிடும். என் தந்தையார் அந்தச் சந்தையில் ஆடு வாங்கியவரல்லர். அறுப்புக்குப் பின் எஞ்சும் தோலை வாங்கியவர். ஊர் ஊராகச் சென்று பச்சைத் தோலைச் சேகரித்து, உப்பிட்டு அடுக்கி, ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் அனுப்பி வைப்பது நாற்பதாண்டுக் காலம் அவர்கள் செய்த தொழில். தோலை எடுத்து வெளிச்சத்துக்கு நேராக விரித்தால், எங்கே உண்ணி கடித்த தழும்பு, எங்கே கத்தி பட்ட கீறல், எங்கே புழு துளைத்த ஓட்டை என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள். குறையுள்ள தோலை நல்ல தோலோடு கலந்து அனுப்பினார் என்று ஒருவரும் அவர்களைப் பற்றிச் சொன்னதில்லை. குறையைச் சொல்லி விற்பதே ஹலாலான வியாபாரம் என்பது அவர்களுடைய உறுதி.

அப்படிப்பட்டவரிடம் அவருடைய உடம்பின் குறையையே நாங்கள் மூன்று வாரம் மறைத்து வைத்தோம். அதை எழுதுவது எனக்குப் பெருமையன்று. ஆயினும் இன்னொரு குடும்பம் எங்களைப்போல் தடுமாறாமல் இருக்க உதவுமானால் எழுதுவது கடமை என்று நினைக்கிறேன்.

2016-ஆம் ஆண்டு ரமளான் முடிந்த பிறகு அத்தாவுக்கு முதுகுவலி தொடங்கிற்று. உப்பு மூட்டை தூக்கிய முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்றார்கள். நாங்களும் அதை நம்பினோம். தைலம் தடவினோம், ஒத்தடம் கொடுத்தோம், மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கித் தந்தோம். இந்த நோயுள்ளவருக்கு அத்தகைய மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. சில மாதங்களில் அத்தா பள்ளிவாசலில் நாற்காலியில் அமர்ந்து தொழத் தொடங்கினார்கள். முகம் வெளுத்தது. நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கிற்று. 2017 ஜனவரியில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் எட்டுக்கும் கீழே இருந்தது, சிறுநீரகமும் சோர்ந்திருந்தது. உடனே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம்.

'மல்டிபிள் மைலோமா' என்ற பெயரை அங்கேதான் முதன்முதலாகக் கேட்டேன். நம் எலும்புகளுக்குள்ளே இருக்கும் மஜ்ஜையில் பிளாஸ்மா அணுக்கள் என்று ஒரு வகை உண்டு. நோய்க்கிருமிகளை எதிர்க்கும் புரதங்களை உற்பத்தி செய்வது அவற்றின் வேலை. அவற்றுள் ஒன்று நெறி தவறிப் பல்கிப் பெருகுவதே இந்தப் புற்றுநோய். அது பெருகப் பெருக நல்ல இரத்தம் ஊற இடமின்றி உடல் சோகை பிடிக்கிறது. எலும்பு அரிக்கப்பட்டு ஓட்டை விழுகிறது. அந்த அணுக்கள் வெளியிடும் பயனற்ற புரதம் சிறுநீரகத்தை அடைக்கிறது. 1845-ஆம் ஆண்டில் இலண்டனில் எலும்பு வலியால் துன்புற்ற ஒரு மளிகை வணிகரின் சிறுநீரை ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவர் சோதித்தார். கொதிக்க வைத்தால் கரைந்தும், ஆறினால் மீண்டும் திரண்டும் நின்ற விந்தையான புரதம் ஒன்றை அதில் கண்டார். இன்றளவும் அந்தப் புரதத்துக்கு அவர் பெயரே வழங்குகிறது.

தோல் ஷாப்புகளின் காற்றையும் தண்ணீரையும் நினைத்து, "எங்கள் தொழிலால் வந்ததா?" என்று அண்ணன் கேட்டார். ஒருவருக்கு இன்ன காரணத்தால் வந்தது என்று தனித்துச் சொல்ல இயலாது என்று மருத்துவர் விடை கூறினார்.

பிறகு அண்ணனும் நானும் அந்த அம்மையாரைத் தனியே சந்தித்து, "புற்றுநோய் என்று அத்தாவிடம் சொல்ல வேண்டாம், தாங்கமாட்டார்கள்" என்று வேண்டினோம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "நானாகப் போய்ச் சொல்லமாட்டேன். ஆனால் அவர் கேட்டால் பொய் சொல்லவும் மாட்டேன். இந்தச் சிகிச்சையை என்னவென்று தெரியாமல் ஒருவர் கடக்க முடியாது" என்றார். எலும்புத் தேய்மானம் என்று அத்தாவிடம் நாங்கள் சொல்லி வைத்தோம்.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள் நான் அறைக்குள் நுழைந்தபோது, தலையோட்டின் எக்ஸ்-ரே படத்தை அத்தா ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக விரித்துப் பிடித்திருந்தார்கள். அது தோலைப் பார்க்கும் அதே பார்வை. எலும்பில் வட்ட வட்டமாகத் துளைகள் தெரிந்தன.

"தம்பி, இது புழு துளைத்த தோல் மாதிரி இருக்கிறதே. இதையா தேய்மானம் என்றீர்கள்?"

நான் தலை குனிந்து நின்றேன்.

"ஒரு தோலில் ஓட்டை இருந்தால் வாங்குகிறவனிடம் சொல்லாமல் நான் விற்றதில்லை. என் உடம்பில் இருக்கிற ஓட்டையை என்னிடமே மறைத்துவிட்டீர்கள்."

அவர்கள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று மாலையே மருத்துவரிடம் அத்தா நேரில் கேட்டார்கள்: "குணமாகுமா, டாக்டரம்மா?" அவர் ஒளிக்கவில்லை. "வேரோடு போகும் என்று சொல்லமாட்டேன், ஐயா. அடக்கி வைக்கலாம், பல ஆண்டுகள் அடக்கி வைத்தவர்கள் உண்டு. திரும்பி வரவும் கூடும், வந்தால் அதற்கும் மருந்து இருக்கிறது" என்றார். அத்தா, "சரி, இப்போது கணக்கு தெரிகிறது, செய்யுங்கள்" என்றார்கள்.

நான்கு மாதம் ஊசியும் மாத்திரையும் நடந்தன. அதன் பின்னரே ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை பற்றிய பேச்சு வந்தது. இந்தியாவில் எலும்பு மஜ்ஜை மாற்று 1983-இல் பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையில் தொடங்கிற்று. வேலூரில் 1986 முதல் நடந்து வருகிறது. நம் ஊரிலிருந்து ஒரு பஸ் பயணத் தொலைவில் இது இருக்கிறது என்பதை, நோய் வரும்வரை நாங்கள் அறியாதிருந்தோம்.

தம்பியர் இருவரும் மஜ்ஜை தர முன்வந்தனர். அது தேவையில்லை; இந்த நோய்க்குப் பெரும்பாலும் நோயாளியின் சொந்த அணுக்களே போதும் என்றார் மருத்துவர். இரத்தத்தை ஊறவைக்கும் மூல அணுக்களை ஊசி மருந்தால் மஜ்ஜையிலிருந்து இரத்தத்துக்கு வரச் செய்து, ஓர் இயந்திரத்தின் வழியாகப் பிரித்தெடுத்துக் குளிரில் பாதுகாக்கிறார்கள். பிறகு மெல்ஃபலான் என்ற மருந்தை மிகுந்த அளவில் செலுத்துகிறார்கள். அது நோயணுக்களோடு மஜ்ஜையையே அழித்துவிடும். அதன் பின் எடுத்து வைத்த அணுக்களை இரத்தம் ஏற்றுவதுபோல் ஏற்றுகிறார்கள். விதைநெல்லை எடுத்து வைத்துவிட்டுக் களை மண்டிய வயலைக் கொளுத்தி, மறுபடியும் விதைப்பது போன்றது இது. எரியாமல் தப்பிய களையும், விதைநெல்லோடு கலந்த களை விதையும் ஒருநாள் முளைக்கலாம். நோய் திரும்புவதன் காரணம் அதுதான்.

இந்த முறை வந்த வழியும் சுருக்கமானதன்று. 1983-இல் இலண்டனில் மக்எல்வைன், பவுல்ஸ் என்ற இரு மருத்துவர்கள் அதிக அளவு மெல்ஃபலானால் நோய் அடங்குவதைக் கண்டார்கள். 1996-இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வொன்றில் 200 நோயாளிகள் இருந்தனர். பழைய மருந்து மட்டும் பெற்றவருள் ஐந்தாண்டு உயிர் வாழ்ந்தோர் நூற்றுக்கு 12 பேர் என்றும், மாற்றுச் சிகிச்சை பெற்றவருள் 52 பேர் என்றும் அது மதிப்பிட்டது. பின்னர்ப் புதிய மருந்துகள் வந்து கணக்கு மாறிற்று. 700 பேரிடம் நடந்து 2017-இல் வெளிவந்த ஆய்வில், மாற்றுச் சிகிச்சை பெற்றவருக்கு நோய் அடங்கியிருந்த இடைநிலைக் காலம் 50 மாதம். மருந்து மட்டும் பெற்றவருக்கு 36 மாதம். ஆனால் நான்காண்டு முடிவில் உயிரோடிருந்தோர் இரு சாராரிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 81, 82 பேர்தாம். மருந்து மட்டும் பெற்றவருள் பலர், நோய் திரும்பியபோது மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டதும் இதற்கு ஒரு காரணம். 2022-இல் வந்த அமெரிக்க ஆய்வும் இதையே சொல்லிற்று: 67 மாதத்துக்கு எதிரே 46 மாதம், ஐந்தாண்டு உயிர் வாழ்ந்தோர் தொகையில் பெரிய வேறுபாடில்லை.

ஆகவே அது உயிருக்கு உத்தரவாதமன்று. நோயில்லாத நாள்களை நீட்டித் தரும் வழி. நூற்றுக்கு ஒருவர், இருவர் சிகிச்சையிலேயே இறப்பதும் உண்டு என்று முன்பே சொன்னார்கள். அம்மா வேண்டாம் என்று அழுதார்கள். அண்ணன் தயங்கினார். இம்முறை நாங்கள் முடிவெடுக்கவில்லை, அத்தாவே எடுத்தார்கள். சாலையோரத்து மனை ஒன்று விற்கப்பட்டது.

2017 ஆகஸ்டில் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே வாய் புண்ணாகாமல் இருக்க ஐஸ் துண்டுகளை மெல்லச் சொன்னார்கள். ஆயினும் அடுத்த வாரம் வாய் வெந்தது, வயிறு போயிற்று, காய்ச்சல் வந்தது, முடி கொட்டிற்று. வெள்ளணுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ இல்லையென்றே ஆயிற்று. நோயாளியை விசாரிப்பது நம்மிடையே நன்மையான காரியம். ஒடுகத்தூரிலிருந்தும் பள்ளிகொண்டாவிலிருந்தும் பழக்கூடையோடு வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்ப நேர்ந்தது. சிலர் மனம் வருந்தினார்கள். ஒருவருடைய இருமல் அவர்கள் உயிரையே வாங்கிவிடும் என்பதை ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொன்னேன். பன்னிரண்டாம் நாள் வெள்ளணு ஏறத் தொடங்கிற்று என்று செவிலியர் கூறியபோது, அம்மா வராந்தாவிலேயே துப்பட்டாவை விரித்துச் சுஜூது செய்தார்கள்.

அதன் பின் நான்கரை ஆண்டுகள் நோய் அடங்கியிருந்தது. நாள்தோறும் ஒரு மாத்திரை; குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனை; குழந்தைக்குப் போடுவதுபோல் தடுப்பூசிகள் மறுபடியும். அத்தா தோல் வியாபாரத்துக்குத் திரும்பவில்லை. ஆனால் வெள்ளிதோறும் சந்தைக்குப் போய் வந்தார்கள். தங்கையின் நிக்காஹ்வில் வலியாக இருந்து கையொப்பமிட்டார்கள். 2019-இல் அம்மாவோடு உம்ரா சென்று வந்தார்கள். நாற்காலியை விட்டுத் தரையில் தொழுதார்கள். நோன்பு நோற்பதில் மட்டும் மருத்துவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டார்கள்; நோயாளிக்கு அதில் சலுகை உண்டன்றோ.

2022 பிப்ரவரியில் இரத்தத்தில் அந்தப் புரதம் மீண்டும் தலைகாட்டிற்று. அறிக்கையை வாங்கிய நான், அறைக்கு வெளியே நிற்காமல் நேரே அத்தாவின் கையில் கொடுத்தேன். அவர்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துவிட்டு, "இப்போதாவது மறைக்காமல் கொண்டு வந்தாயே" என்றார்கள். வேறு மருந்துகள் தொடங்கின. அவை இரண்டு ஆண்டுகள் தாங்கின. 2024 பிப்ரவரியில், ரமளான் பிறக்கச் சில வாரங்களே இருந்தபோது, நிமோனியாக் காய்ச்சலில் அத்தா மறைந்தார்கள்.

செலவழித்த பணத்துக்கு என்ன கண்டீர்கள் என்று ஜனாஸாவுக்கு வந்த உறவினர் ஒருவர் கேட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன்; அந்தக் கேள்வி என் மனத்திலும் இருந்ததுதான். நோய் தெரிந்தபின் அத்தா வாழ்ந்தது ஏழாண்டு. மாற்றுச் சிகிச்சை இல்லாமலே அதே ஏழாண்டு வாழ்ந்திருப்பார்களா என்பது இறைவனுக்கே தெரியும். ஆய்வுகளும் பலரைப் பற்றிப் பேசுமேயன்றி ஒருவரைப் பற்றிப் பேசா. ஆனால் அந்த ஏழில் நான்கரை ஆண்டு, வலியின்றித் தம் காலால் நடந்து, தம் நிலையைத் தாமே அறிந்து வாழ்ந்தார்கள். இதுதான் நாங்கள் கண்டது.

வாசகர்களிடம் இரண்டு செய்திகளைச் சொல்லி முடிக்கிறேன். வயதானவரின் முதுகுவலி மாதக்கணக்கில் நீடித்து, கூடவே சோகையும் சோர்வும் இருந்தால், தைலத்தோடு நிற்காமல் இரத்தத்தையும் சிறுநீரையும் சோதியுங்கள். நோய் இன்னதென்று தெரிந்துவிட்டால், அதை உடையவரிடம் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அத்தாவால் தாங்க முடிந்தது. தாங்க முடியாதவர்கள் நாங்கள்தாம்.