கனி தானே அழைக்கும்

கிறிஸ்தவச் சபைகளில் மிகுதியாகப் புழங்கும் சொற்களுள் ஒன்று ‘ஆவிக்குரிய முதிர்ச்சி’. சிறு வயது முதல் ஞாயிறுதோறும் நாம் கேட்டு வளர்ந்த சொல் அது. தமிழ் இலக்கியம் பயிலப் புகுந்த பின்னரே அதைச் சற்று நிறுத்தி நோக்கத் தோன்றியது. முதிர்தல் வேறு, கனிதல் வேறு. முற்றிய காயெல்லாம் கனிந்துவிடுவதில்லை. வெயிலின் கொடுமையால் பருவத்துக்கு முன்பே நிறம் மாறி, உள்ளே சாறற்று நிற்பதை நம் ஊரார் வெம்பல் என்பர். பார்வைக்கு அதுவும் பழந்தான். கடித்தவருக்கே உண்மை தெரியும்.

சபை வாழ்விலும் இவ்வேறுபாடு உண்டு. வேதவசனங்களை எண்ணோடு ஒப்பிப்பவர், மணிக்கணக்கில் மன்றாடுபவர், நாற்பதாண்டு உறுப்பினர் ஆகியோரை முதிர்ந்தவர் என்கிறோம். அவர்கள் கனிந்திருக்கிறார்களா என்பதைச் சபை எளிதில் அறிவதில்லை. அடுத்த வீட்டுக்காரர் அறிவார். வீட்டு வேலை செய்யும் பெண் அறிவார்.

நம் கல்லூரியின் வரலாற்றுத் துறை நண்பர் ஒருவர், தம்மை நாத்திகர் என்றே சொல்லிக்கொள்பவர், ஆசிரியர் அறையில் ஒரு நாள் சொன்னார்: “சார், உங்கள் சமயம் உயர்ந்ததா என்று பக்கத்து வீட்டுக்காரன் பார்க்கமாட்டான். உங்களிடம் கைமாற்றுக் கொடுத்தால் சொன்ன தேதிக்குத் திரும்பி வருமா என்றுதான் பார்ப்பான்.” அனைவரும் சிரித்தோம். ஆயினும் சாட்சியுள்ள வாழ்வு என்று சபையார் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான உரையை நாம் கேட்டதில்லை.

அச்சொற்கள் நம்மைத் தஞ்சை வரலாற்றுக்கு இட்டுச்சென்றன. 1726இல் பிரஷ்யாவில் பிறந்த கிறிஸ்டியன் ஃபிரடெரிக் சுவார்ட்ஸ் 1750இல் தரங்கம்பாடி வந்திறங்கினார். அதன்பின் தாய்நாடு திரும்பவில்லை, மணம் செய்துகொள்ளவுமில்லை. திருச்சியிலும் தஞ்சையிலும் பணியாற்றி 1798இல் தஞ்சையிலேயே மறைந்தார். தமிழும் மராட்டியும் பாரசீகமும் அறிந்தவர். அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் பல. ஆனால் மக்கள் நெஞ்சில் அவரை நிறுத்தியவை சொற்பொழிவுகள் அல்ல என்பதே நம் எண்ணம்.

1780இல் தொடங்கிய ஹைதர் அலியின் படையெடுப்பில் தஞ்சை நாடு சீரழிந்தது. கோட்டைக்குள் பஞ்சம். நாட்டுப்புறத்தில் தானியம் இருந்தது. அதைச் சுமந்துவர எருதுகளும் இருந்தன. ஆனால் எவரும் கொண்டுவரவில்லை. முன்பு கொண்டுவந்தவர்களுக்கு உரிய விலை கிட்டவில்லை, அதிகாரிகள் ஏய்த்திருந்தனர். அரசரின் ஆணையை நம்ப ஆளில்லாத அந்நிலையில் சுவார்ட்ஸ் தம் பெயரில் கடிதங்கள் எழுதினார்: எருதுக்கு உரிய கூலியைத் தாமே தம் கையால் தருவதாக. சில நாள்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட எருதுகள் வந்தன. ஏறத்தாழ 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் சேர்ந்தது. சொன்னபடியே அவர் கூலி கொடுத்தார்.

அவ்வுழவர்களுள் பெரும்பாலோர் அவருடைய வேதத்தைப் படித்தவர்கள் அல்லர். அவர் சொன்னால் சொன்னதுதான் என்பதை மட்டும் அறிந்திருந்தனர். ஒரு மனிதரின் வாக்கு நாணயத்தைப்போல் செல்லுபடியாவதற்கு ஒரு நாள் போதாது. சிறு சிறு வாக்குகளைப் பல்லாண்டு காத்த பின்னரே அது நிகழும். கனிதல் என்பது இதுதான் போலும்.

இதற்குச் சற்று முன், 1779இல், சென்னை அரசு அவரை ஹைதரிடம் தூது அனுப்பியது. ஆங்கிலேயர் எவரையும் நம்பாத ஹைதர், இவர் தம்மை ஏமாற்றமாட்டார் என்று நம்பி ஏற்றுக்கொண்டார். பின்னர்ப் போர் மூண்டபோதும் இந்தப் பாதிரியாருக்கு இடையூறு செய்யலாகாது என்று தம் படையினருக்கு ஆணையிட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களோடு தஞ்சை சென்றிருந்தோம். பெரிய கோயிலைக் கண்டபின், சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய சுவார்ட்ஸ் ஆலயத்துக்கு அழைத்துச் சென்றோம். உள்ளே இரண்டாம் சரபோஜி மன்னர் நிறுவிய பளிங்குச் சிற்பம் இருக்கிறது. ஜான் ஃபிளாக்ஸ்மன் வடித்தது. மரணப் படுக்கையில் கிடக்கும் சுவார்ட்ஸின் கையை மன்னர் பற்றியிருக்கிறார். சரபோஜி சிறுவராய் இருந்தபோது அரண்மனைப் பகையால் அல்லலுற்றார். அவரைக் காத்துக் கல்வி பெறச் செய்தவர் சுவார்ட்ஸ். ஆசானின் கல்லறைக்கு மன்னர் தாமே ஆங்கிலத்தில் கவிதை எழுதினார்.

மாணவி ஒருத்தி கேட்டாள்: “இவ்வளவு அன்பு வைத்திருந்தாரே, ராஜா ஏன் சார் கிறிஸ்தவர் ஆகவில்லை?”

நல்ல வினா. சரபோஜி இறுதிவரை இந்துவாகவே வாழ்ந்தார். ஆள்கணக்கு எடுப்பவர்களுக்குச் சுவார்ட்ஸின் வாழ்வில் இது ஒரு குறையாகத் தோன்றலாம். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. வள்ளுவர் ஒப்புரவறிதல் அதிகாரத்தில், நயனுடையானிடம் சேர்ந்த செல்வத்தை ஊர் நடுவே பழுத்த மரத்துக்கு ஒப்பிடுகிறார். ஊர் நடுவில் நிற்கும் மரம் உண்ண வருபவரிடம் உறுதிமொழி கேட்பதில்லை. உண்டவர் அங்கேயே குடியிருக்க வேண்டும் என்பதுமில்லை. அழைப்பதோடு கனியின் வேலை முடிகிறது. தடிகொண்டு அடித்துப் பழுக்கவைப்பது எவ்வளவு பிழையோ, அவ்வளவு பிழை தின்றவரை எண்ணிக் கணக்கெழுதுவதும்.

இத்தோடு நிறுத்தினால் கட்டுரை இனிமையாய் முடியும்; உண்மை முடியாது. அதே சுவார்ட்ஸின் காலத்துச் சபைகளில் வேளாளக் கிறிஸ்தவர் ஒருபுறமும் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர் மறுபுறமும் பிரிந்து அமர்ந்தனர். சுவார்ட்ஸ் அதைக் கண்டித்து ஒழிக்க முனையவில்லை. நாளடைவில் மாறும் என்று பொறுத்திருந்தார். அவர் வளர்த்த வேதநாயகம் சாஸ்திரியார், பெத்லகேம் குறவஞ்சி பாடிய பெரும்புலவர், பிற்காலத்தில் சபைக்குள் சாதி வழக்கத்தைக் காக்க எழுதினார். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையைச் சபையிலிருந்து அறவே நீக்க ஆணையிட்டபோது, தஞ்சைச் சபையில் பலர் விலகினர்.

பளிங்குச் சிற்பத்தின்முன் நின்றபோது இதையும் மாணவர்களுக்குச் சொன்னோம். அரசருக்கும் உழவருக்கும் இனித்த கனி, ஆலயத்தின் ஓரத்தில் அமர்த்தப்பட்டவருக்கு எப்படி இருந்திருக்கும்? அவர்கள் எழுப்பிய பளிங்கு ஏதுமில்லை. ஆகவே அவர்களுடைய விடை நமக்கு எட்டவில்லை.

பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் அன்பு தொடங்கி இச்சையடக்கம் வரை ஒன்பது பண்புகளை அடுக்குகிறார். அவற்றை அவர் ‘கனிகள்’ என்று பன்மையில் சொல்லவில்லை. கிரேக்க மூலத்திலும் நம் தமிழ் வேதாகமத்திலும் ‘கனி’ என்ற ஒருமையே நிற்கிறது. இலக்கணம் கற்பிப்பவர் அந்த ஒருமையைக் கடந்து போக இயலாது. ஒரு பக்கம் சிவந்து மறுபக்கம் பச்சையாய் நிற்கும் பழத்தை இன்னும் பழுக்கவில்லை என்றுதான் சொல்கிறோம். பெரியோரிடம் பணிவும் எளியோரிடம் கடுமையும் உடையவர் பாதி கனிந்தவர் அல்லர், கனியாதவர்.

நாம் வளர்ந்த தெருவில் ஒரு பெரியம்மா இருந்தார். தையல் வேலை; கைம்பெண். ஊருக்குப் போகிறவர்கள் எச்சமயத்தவராயினும் வீட்டுச் சாவியை அவரிடம் கொடுத்துப் போவார்கள். துப்புரவுப் பணிக்கு வரும் பெண்மணிக்கும் தாம் அருந்தும் தம்ளரிலேயே காப்பி கொடுப்பார். அந்நாளில் அத்தெருவில் அது சிறிய செயல் அன்று. ‘ஊழியம்’ என்ற சொல்லை அவர் தம்மைக் குறித்துப் பயன்படுத்தி நாம் கேட்டதில்லை. சுவார்ட்ஸ் கையாளத் தயங்கிய ஒன்றை அவர் ஒரு தம்ளரில் முடித்திருந்தார்.

ஆகவே ‘பிறரை ஈர்க்கும் வாழ்வு’ என்பது மேடைக்குரியதாக நமக்குத் தோன்றவில்லை. நம் தொழிலில் அது அகமதிப்பீட்டு மதிப்பெண் இடும் மேசையில் இருக்கிறது. எதிர்த்துப் பேசும் மாணவனுக்கும், தட்டுத் தடுமாறித் தமிழ் எழுதும் முதல் தலைமுறைப் பிள்ளைக்கும் நாம் இடும் எண் நேர்மையானதா? வகுப்பின் கடைசி வரிசையில் இருப்பவர்கள் அதைக் கூர்ந்து கவனிக்கிறார்கள். நம் சமயம் எது என்பதை அதன்பின்புதான் கேட்பார்கள், கேளாமலும் போகலாம்.